பிரிட்ஜ் ஆட்டத்தின் ஏலச் சொற்கள்: சில ஐயங்கள்

ஆட்டப்பார்வையாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். துருப்பு வைத்து ஆடும் சீட்டாட்டங்களில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. இறக்கிய இனத்தையே தொடர்ந்து போடுவது, அந்த இனம் கையில் இல்லாதபோது துருப்பால் வெட்டுவது, பெரிய சீட்டைப் போட்டவர் அந்தச் சுற்றின் சீட்டுகளை, அதாவது பிடியை, எடுத்துக்கொண்டு அடுத்த சீட்டை இறக்குவது ஆகியவற்றை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அண்மைக் காலமாக இணையத்தில் நடக்கும் எதிரெதிரே அமர்ந்த இருவர் (வடக்கும் தெற்கும், கிழக்கும் மேற்கும்) ஓர் அணியாக ஆடும் காண்ட்ராக்ட் பிரிட்ஜ் ஆட்டங்களைப் பார்வையாளனாக இருந்து கவனித்து வருகிறேன். ஆட்டம் புரிகிறது, அதற்கு முன் நடக்கும் ஏலமும், அதைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொள்ளும் சொற்களும் புரிவதில்லை.

முதலாவது ஐயம் இது. ஓர் ஆட்டத்தில் வடக்கில் இருந்தவர் “1 ஹார்ட்” என்றார், தெற்கு “1 ஸ்பேட்” என்றார், வடக்கு மீண்டும் “2 ஹார்ட்” என்றார், தெற்கு ஒரே தாவலில் “4 ஹார்ட்” என்று முடித்தார். எதிரணி தொடக்கம் முதல் பாஸ் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியாகக் கேட்டவர் தெற்கு என்பதால் அவர்தான் ஆடப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் ஆடியவர் வடக்கு. தெற்கு தம் சீட்டுகளை எல்லோரும் பார்க்கும்படி மேசையில் விரித்துவிட்டுச் சும்மா இருந்தார். இது எந்த விதிப்படி?

இரண்டாவது, வேறோர் ஆட்டத்தில் ஒரு மேசையில் “2 ஹார்ட்” என்று நிறுத்தியவர்கள் 10 பிடி எடுத்து 170 புள்ளி பெற்றார்கள். அதே சீட்டுகளை வைத்துக்கொண்டு அடுத்த மேசையில் “4 ஹார்ட்” கேட்டவர்களும் அதே 10 பிடிதான் எடுத்தார்கள். அவர்களுக்கு 620 கிடைத்தது. பிடி எண்ணிக்கையில் வேறுபாடே இல்லாதபோது புள்ளியில் இவ்வளவு இடைவெளி எப்படி வந்தது? ‘கேம்’, ‘வல்னரபிள்’ என்ற சொற்கள் அங்கே அடிபட்டன.

மூன்றாவது, கிழக்கு “1 ஸ்பேட்” என்று தொடங்க, தெற்கு “டபுள்” என்றார். மேற்கு பாஸ், வடக்கு பாஸ், கிழக்கு பாஸ். கிழக்கு 9 பிடி எடுத்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த அனைவரும் வடக்கைக் குறை சொன்னார்கள். சற்று நேரம் கழித்து வேறொருவர் “4 ஸ்பேட்” மீது டபுள் சொன்னபோது அவருடைய கூட்டாளி பாஸ் சொன்னார். அதை எல்லோரும் பாராட்டினார்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு விதமாக நடந்துகொள்ள வேண்டும் என்றால் எதை வைத்து முடிவு செய்வது?

கடைசியாக, கூட்டாளி “1 நோ டிரம்ப்” சொன்ன பிறகு ஒருவர் “2 கிளாவர்” என்றார். அவர் கையில் இருந்தவையோ இரண்டே இரண்டு சிறிய கிளாவர்கள். இது எதிரணியை ஏமாற்றுவது ஆகாதா?

பதின்மூன்று

நண்பரே, முதல் ஐயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்றவை எளிதாகிவிடும்.

ஏலத்தில் சொல்லப்படும் எண் நேரடியான பிடிக் கணக்கு அன்று. மொத்தப் பிடிகள் 13. அவற்றில் முதல் 6 பிடிகளை எந்த அணி எடுத்தாலும் அதற்கு மதிப்பில்லை என்று வைத்துவிட்டு, அதற்கு மேல் எத்தனை என்பதைத்தான் கேட்கிறார்கள். “1 ஹார்ட்” என்றால் ஹார்ட் துருப்பாக இருக்க 7 பிடி எடுப்போம் என்று பொருள். “4 ஹார்ட்” என்றால் 10 பிடி. “7” என்றால் பதின்மூன்றும். இனங்களுக்குள் கிளாவர் கீழே, அதன்மேல் டைமண்ட், ஹார்ட், ஸ்பேட், எல்லாவற்றுக்கும் மேலே துருப்பே இல்லாத நோ டிரம்ப் என்று ஒரு வரிசை உண்டு. “1 ஸ்பேட்” என்று ஒருவர் கேட்டபின் ஹார்ட் கேட்க விரும்புபவர் 2-க்குப் போயாக வேண்டும்; நோ டிரம்ப் கேட்பவர் 1-இலேயே சொல்லலாம். ஏழு படி, ஒவ்வொரு படியிலும் ஐந்து என்று மொத்தம் 35 கேள்விகள், அதாவது ஏலக் கோரிக்கைகள்தாம் இந்த ஏலத்தில் இருக்கின்றன. இவற்றோடு பாஸ், டபுள், டபுளுக்கு மறுமொழியான ரீடபுள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நான்கு பேரும் ஏலத்தில் பேசக்கூடிய சொற்கள் அவ்வளவே. குரலை உயர்த்துவது, தயங்குவது, முகம் சுளிப்பது ஆகியவற்றால் கூட்டாளிக்குச் செய்தி சொல்வது விதிக்குப் புறம்பானது. பெரிய போட்டிகளில் வாயால் சொல்லாமல் அச்சிட்ட அட்டைகளை எடுத்து வைப்பதற்கும், நடுவே திரை வைப்பதற்கும் அதுவே காரணம்.

ஒரு கேள்விக்குப் பின் தொடர்ந்து மூன்று பாஸ் வந்தால் ஏலம் முடிந்தது. கடைசிக் கேள்வி காண்ட்ராக்ட் ஆகிறது. உங்கள் குழப்பம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. காண்ட்ராக்ட் என்பது கடைசியாகப் பேசிய தனியாளுடையது அன்று, அந்த அணியுடையது. அணியில் இருவரில் அந்த இனத்தை முதலில் பெயர் சொன்னவர் யாரோ அவரே டிக்ளேரர். நீங்கள் கண்ட ஏலத்தில் ஹார்ட் என்ற சொல்லை முதலில் உச்சரித்தவர் வடக்கு. தெற்கு அதை நான்காக உயர்த்தினாரே தவிர அவர் தொடங்கி வைக்கவில்லை. ஆகவே வடக்கு ஆடுபவரான டிக்ளேரர், தெற்கு சீட்டை விரித்துவைக்கும் டம்மி. ஒருவேளை அந்த ஏலம் “4 ஸ்பேட்” என்று முடிந்திருந்தால், ஸ்பேடை முதலில் சொன்ன தெற்கு ஆடியிருப்பார். வடக்கு சீட்டை விரித்திருப்பார். ஏலத்தைப் பதிவுசெய்த தாளைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனால், யார் ஆடுவார் என்பதில் ஒருபோதும் ஐயம் வராது.

அடுத்து முதல் சீட்டு. டிக்ளேரருக்கு இடப்பக்கம் அமர்ந்திருப்பவர், அதாவது வடக்கு ஆடும்போது கிழக்கு, முதல் சீட்டை இறக்குகிறார். இதை ஓப்பனிங் லீடு என்பார்கள். அந்தச் சீட்டு மேசையில் விழுந்த பிறகே டம்மி விரிக்கப்படும். இந்த வரிசை முக்கியமானது, ஏனென்றால் ஓப்பனிங் லீடு ஒன்றுதான் எதிரணி டம்மியைப் பார்க்காமல், ஏலத்தில் கேட்டதை மட்டும் நம்பி இறக்கும் சீட்டு. அடைய வேண்டிய ஒப்பந்தம் இந்த ஒரு சீட்டாலேயே உடைவதை நீங்கள் பலமுறை பார்ப்பீர்கள். விரித்த பின் டம்மி எந்தச் சீட்டைப் போடலாம் என்று யோசனை சொல்லக் கூடாது. ஆனால் டிக்ளேரர் தவறான கையிலிருந்து இறக்கப் போனால் தடுக்கலாம். கையில் இனம் இருந்தும் வேறு சீட்டைப் போட்டுவிட்டாரோ என்று அவரிடம் கேட்கலாம். அப்படி இனம் இருந்தும் தொடராமல் விடுவதற்கு ரிவோக் என்று பெயர். அதற்குச் சூழலைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ பிடிகளை எதிரணிக்குக் கொடுக்க நேரும்.

மேசைக்கணக்கர்

இரண்டாவது ஐயத்துக்கு என் விடை. இங்கே ‘கேம்’ என்பது ஆட்டம் என்ற பொதுப் பொருளில் வரவில்லை. ஒப்பந்தத்தில் கேட்ட பிடிகளுக்கு மட்டும் 100 புள்ளியோ அதற்கு மேலோ சேர்வதுதான் கேம். கிளாவர், டைமண்ட் இரண்டிலும் பிடிக்கு 20. ஹார்ட், ஸ்பேடில் 30. நோ டிரம்பில் முதல் பிடிக்கு 40, பிறகு ஒவ்வொன்றுக்கும் 30. ஆகவே கேமுக்கு நோ டிரம்பில் 3, ஹார்ட்டிலோ ஸ்பேடிலோ 4, கிளாவரிலோ டைமண்டிலோ 5 கேட்டாக வேண்டும். ஹார்ட், ஸ்பேடை மேஜர் என்றும் மற்ற இரண்டையும் மைனர் என்றும் பிரித்துப் பேசுவதற்கும், எல்லோரும் மைனரை விட்டுவிட்டு நோ டிரம்பைத் தேடி ஓடுவதற்கும் இந்தக் கணக்கே காரணம்.

கேட்காமல் எடுத்த உபரிப் பிடிகளுக்குப் புள்ளி உண்டு, ஆனால் அவை கேமுக்குச் சேராது. உங்கள் முதல் மேசைக்காரர்கள் 2 ஹார்ட் கேட்டு 10 பிடி எடுத்ததற்கு நாலு முப்பது 120, கேம் இல்லாத ஒப்பந்தத்தை நிறைவேற்றியதற்கு 50, ஆக 170. இரண்டாவது மேசைக்காரர்களுக்கும் அதே 120 உண்டு, அதனுடன் கேம் வெகுமதியாக 500 சேர்ந்து 620 ஆயிற்று. அந்த அணி வல்னரபிளாக இல்லாதிருந்தால் வெகுமதி 300 ஆகவும், மொத்தம் 420 ஆகவும் இருந்திருக்கும்.

வல்னரபிள் நிலைக்கு வெகுமதியும் கூடுதல், தண்டமும் கூடுதல். ஒப்பந்தம் உடைந்தால் குறையும் ஒவ்வொரு பிடிக்கும் சாதாரண நிலையில் 50, வல்னரபிள் நிலையில் 100. எதிரணி டபுள் சொல்லியிருந்தால் சாதாரண நிலையில் ஒரு பிடி குறைந்ததற்கு 100, இரண்டுக்கு 300, மூன்றுக்கு 500. வல்னரபிளாக இருந்தால் அதுவே 200, 500, 800. ஓர் அணி இரண்டு கேம் வெல்லும்வரை தொடரும் ரப்பர் பிரிட்ஜில் ஒரு கேமை வென்றுவிட்ட அணி வல்னரபிள் ஆகும். நீங்கள் பார்ப்பது போன்ற டூப்ளிகேட் ஆட்டத்தில், அதாவது ஒரே சீட்டுப் பகிர்வைப் பல மேசைகளில் ஆடி ஒப்பிடும் முறையில், அது ஒவ்வொரு போர்டிலும், அதாவது ஒரு பகிர்வின் சீட்டுகளை வைத்திருக்கும் எண்ணிட்ட பலகையிலும், முன்பே குறிக்கப்பட்டிருக்கும்: 1-ஆம் போர்டில் யாரும் இல்லை, 2-இல் வடக்கும் தெற்கும், 3-இல் கிழக்கும் மேற்கும், 4-இல் இரு அணிகளும்.

இந்த ஏற்பாடு 1925-இல் ஹரால்டு வாண்டர்பில்ட் ஒரு கப்பற்பயணத்தின்போது வகுத்த புள்ளிமுறையோடு வந்தது. அதற்கு முந்தைய ஆக்‌ஷன் பிரிட்ஜில் கேட்காமல் எடுத்த பிடிகளும் கேமுக்குச் சேர்ந்துவிடும். ஏலத்தை மேலே கொண்டுபோக வேண்டிய கட்டாயமே யாருக்கும் இருந்ததில்லை. கேட்டது மட்டுமே சேரும் என்று ஆனபின்தான், கூட்டாளியின் கையை அறிந்துகொள்ள ஏலம் இவ்வளவு நுணுக்கமாக வளர்ந்தது. பிரிட்ஜின் முழு அழகும் ஏலத்தில் இருக்கிறதே தவிர ஆட்டத்தில் இல்லை என்பது என் கட்சி. இங்கே பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோற்போம் என்று தெரிந்தே சிலர் மேலே கேட்பதைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். எதிரணி வல்னரபிள், அவர்களுடைய 4 ஹார்ட் நிறைவேறும், நமக்கு 620 இழப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் வல்னரபிள் அல்லாதபோது 4 ஸ்பேட் கேட்டு, டபுள் வாங்கி, மூன்று பிடி குறைந்தாலும் இழப்பு 500-தான். ஆகவே அது இலாபம். இதற்குச் சாக்ரிஃபைஸ் என்று பெயர். நான்கு பிடி குறைந்தால் 800 ஆகி, இலாபக் கணக்கு தலைகீழாகிவிடும்.

கிழக்கிருக்கை

டபுளைப் பற்றி நான் சொல்கிறேன். விதிப்புத்தகத்தில் டபுளுக்கு ஒரே பொருள்தான்: இந்த ஒப்பந்தத்தின் புள்ளிகளும் தண்டமும் பெருகட்டும். ஆனால் எதிரணி 1-ஆம் படியில் கேள்வியைத் தொடங்கியவுடனே, “அவர்கள் 7 பிடி எடுக்க மாட்டார்கள்” என்று உறுதியாகச் சொல்லும் கை நமக்கு வருவது மிக அரிது. அரிதாகப் பயன்படும் சொல்லை வீணாக்காமல் வேறொரு செய்திக்கு ஒதுக்கினார்கள்: “என்னிடம் தொடங்கும் அளவுக்கு வலிமை இருக்கிறது, அவர்கள் சொன்ன இனத்தில் சீட்டு குறைவு, மற்ற மூன்று இனங்களில் உனக்கு எது நீளமோ அதைச் சொல்.” இதுதான் டேக்கவுட் டபுள். அதற்கு வடக்கு பாஸ் சொன்னால், “எனக்கு ஸ்பேடே நீளமாகவும் வலிமையாகவும் இருக்கிறது, இங்கேயே அவர்களை அடிக்கலாம்” என்று பொருளாகிவிடும். கை பலவீனமாக இருப்பது பாஸ் சொல்வதற்குக் காரணமே ஆகாது. பலவீனமான கைக்குத்தான் பேசவேண்டிய கட்டாயம் அதிகம்.

அதன் விலையையும் பாருங்கள். 1 ஸ்பேடில் 9 பிடி எடுத்தால் டபுள் இல்லாதபோது 140. டபுளுக்குப் பின் வல்னரபிள் அல்லாத நிலையில் பிடிப்புள்ளி 60, ஒப்பந்தம் நிறைவேறியதற்கு 50, டபுளை முறியடித்ததற்கு இன்னொரு 50, உபரிப் பிடிக்கு நூறு வீதம் 200, ஆக மொத்தம் 360.

எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டீர்கள். ஏலத்தின் தொடக்கத்தில், தாழ்ந்த படியில், கூட்டாளி இதுவரை எதையும் கேட்காத நிலையில் வரும் டபுள் பெரும்பாலும் டேக்கவுட். எதிரணி தானாகவே கேமுக்குப் போனபின், அல்லது நாம் நம் இனத்தைக் கண்டுகொண்டபின் வரும் டபுள் பெரும்பாலும் பெனால்டி, அதாவது தண்டம் வாங்குவதற்கானது. அப்போது பாஸ் சொல்வதே கூட்டாளியின் கடமை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலைகளில் எந்த எல்லை வரை டேக்கவுட் என்பதை ஒவ்வொரு ஜோடியும் ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்கிறது. நல்ல ஜோடிகள் பிரிவதற்குக் கூட இந்தப் பேச்சில் விட்டுப்போன ஒரு வரி போதும்.

“2 கிளாவர்” பற்றிய உங்கள் கேள்விக்கும் விடை இதே வழியில்தான் இருக்கிறது. அதற்கு ஸ்டேமன் என்று பெயர். “உன்னிடம் ஹார்ட்டிலோ ஸ்பேடிலோ நான்கு சீட்டு உண்டா?” என்பதே அங்கே கேட்கப்படும் கேள்வி, “2 டைமண்ட்” என்று பதில் வந்தால் இல்லை, “2 ஹார்ட்” அல்லது “2 ஸ்பேட்” என்றால் அந்த இனத்தில் இருக்கிறது. கிளாவருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இவ்வாறு சொல்லும் இனத்தைக் குறிக்காமல் வேறு செய்தியைத் தாங்கும் கேள்விகளைக் கன்வென்ஷன் என்கிறார்கள். 4 நோ டிரம்ப் கேட்டு ஏஸ்களின் எண்ணிக்கையை விசாரிக்கும் பிளாக்வுட் இன்னொரு எடுத்துக்காட்டு: அதன் பழைய வடிவில் 5 கிளாவர் என்றால் ஏஸ் ஒன்றும் இல்லை அல்லது நான்கும் உண்டு, 5 டைமண்ட் என்றால் ஒன்று, 5 ஹார்ட் என்றால் இரண்டு, 5 ஸ்பேட் என்றால் மூன்று.

இது ஏமாற்று ஆகாததற்குக் காரணம், இவற்றின் பொருள் எதிரணிக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற விதி. தம் முறை வரும்போது எதிரணியினர் எந்தக் கேள்விக்கும் விளக்கம் கேட்கலாம். அந்த ஏலத்தைக் கேட்டவரின் கூட்டாளி அதைச் சொல்லியாக வேண்டும். கையை மறைக்கலாம், உடன்பாட்டை மறைக்கக் கூடாது.

ஆட்டப்பார்வையாளர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஏலத்தாளைப் பின்னோக்கிப் படிக்கும் வழி உடனே பயன்பட்டது. ஒரு துணைக் கேள்வி: ஆட்டத்தின்போது ‘ஃபினெஸ்’, ‘ஸ்குவீஸ்’ என்ற சொற்கள் அடிக்கடி வருகின்றன. முதலாவது ஓரளவு புரிகிறது. இரண்டாவதில், டிக்ளேரர் ஏதும் செய்யாமலே எதிரணியின் பெரிய சீட்டு கையைவிட்டுப் போய்விடுவதுபோல் தெரிகிறது.

பதின்மூன்று

ஃபினெஸ் என்பது எதிரணியின் பெரிய சீட்டு யாரிடம் இருக்கும் என்று ஊகித்து, அதற்கு ஏற்ற பக்கத்திலிருந்து இறக்குவது. தெற்கு டிக்ளேரர், டம்மியில் ஸ்பேட் ஏஸும் ராணியும் இருக்கின்றன, ராஜா வெளியே. தெற்கு தம் கையிலிருந்து சிறு ஸ்பேடை இறக்குகிறார். மேற்கு சிறு சீட்டைப் போட்டால் டம்மியிலிருந்து ராணி. ராஜா மேற்கிடம் இருந்தால் ராணிக்குப் பிடி, கிழக்கிடம் இருந்தால் போயிற்று, பாதிக்குப் பாதி. டம்மியிலிருந்தே ஏஸையோ ராணியையோ இறக்கினால் அந்தப் பாதி வாய்ப்பும் பெரும்பாலும் வீண். வெளியே இருப்பது ராணி என்றால் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். இரு கையிலும் சேர்த்து எட்டுச் சீட்டு இருந்தால் ஃபினெஸ் நல்லது. ஒன்பது இருந்தால் ஏஸையும் ராஜாவையும் மேலிருந்து இறக்கி ராணி விழுகிறதா என்று பார்ப்பது சற்றே மேல்.

ஸ்குவீஸை மூன்று சீட்டு மிஞ்சிய நிலையில் பார்ப்பதே எளிது. வடக்கு டம்மி: ஸ்பேட் ஏஸ், ஸ்பேட் ஜாக்கி, ஹார்ட் ராஜா. மேற்கு: ஸ்பேட் ராஜா, ஸ்பேட் ராணி, ஹார்ட் ஏஸ். தெற்கு டிக்ளேரர்: கிளாவர் ஏஸ், இரண்டு சிறு ஸ்பேடுகள். வேறு யாரிடமும் கிளாவர் இல்லை. கிழக்கிடம் பொருட்படுத்தத்தக்க சீட்டும் இல்லை. எண்ணிப் பார்த்தால் தெற்குக்கு உறுதியான பிடிகள் இரண்டு: கிளாவர் ஏஸ், ஸ்பேட் ஏஸ். இப்போது தெற்கு கிளாவர் ஏஸை இறக்குகிறார். மேற்கு ஏதாவது ஒன்றைக் கழிக்க வேண்டும். ஹார்ட் ஏஸைக் கழித்தால் டம்மியின் ஹார்ட் ராஜா பெரிய சீட்டாகிவிடுகிறது. டம்மியிலிருந்து ஸ்பேட் ஜாக்கியைக் கழித்துவிட்டு, ஸ்பேட் ஏஸுக்குப் போய், ஹார்ட் ராஜாவையும் எடுத்துக்கொள்ளலாம். மாறாக ஒரு ஸ்பேடைக் கழித்தால் டம்மியிலிருந்து ஹார்ட் ராஜாவை வீசிவிட்டு ஸ்பேட் ஏஸை இறக்க, மேற்கின் கடைசி ஸ்பேட் அதில் விழுந்து ஜாக்கி பெரிதாகிறது. எப்படிப் போட்டாலும் மூன்று பிடி.

டிக்ளேரர் ஏதும் செய்யவில்லை என்று உங்களுக்குத் தோன்றியது இயல்பே, ஏனென்றால் அவருடைய வேலை அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. இழந்தே ஆகவேண்டிய பிடிகளை முன்கூட்டியே இழந்து, எதிராளியின் கையில் உதிரிச் சீட்டு எதுவும் மிஞ்சாமல் செய்திருக்க வேண்டும்; இல்லையென்றால் மேற்கு அந்த உதிரியைக் கழித்துத் தப்பித்துக்கொள்வார். டம்மி மேற்குக்குப் பின்னால் போடுவதும் முக்கியம். அதே மூன்று சீட்டுகள் மேற்குக்குப் பதில் கிழக்கிடம் இருந்தால், டம்மி எதைக் கழிக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிழக்கு கழிப்பார். இந்த ஸ்குவீஸ் நடக்காது.